தாமதம் தாங்கும் வழி

நுழையும்முன்

பயணத்தைத் திட்டமிடுவோர் முதலில் எழுப்பும் வினா, ‘எது விரைவான வழி?’ என்பதே. வண்டிகள் யாவும் குறித்த நேரத்தில் ஓடினால் அவ்வினா போதுமானது. ‘ஒரு வண்டி பிந்தினால் என்ன ஆகும்?’ என்னும் இரண்டாவது வினாவைப் பலர் எழுப்புவதில்லை. பயணத்தின் பயன் பெரும்பாலும் அந்த இரண்டாவது வினாவுக்கான விடையிலேயே அடங்கியுள்ளது. அதன் இன்றியமையாமையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கால அட்டவணை என்பது ஒரு வாக்குறுதி. குறித்த நேரத்தில் ஓர் ஊரிலிருந்து புறப்பட்டுக் குறித்த நேரத்தில் மற்றோர் ஊரை அடைவதாகப் போக்குவரத்து அமைப்பு மக்களுக்கு அளிக்கும் சொல் அது. அச்சொல்லை நம்பித் தேர்வெழுத மாணவர் புறப்படுகிறார். மருத்துவரைக் காண முதியவர் புறப்படுகிறார். நேர்காணலுக்கு இளைஞர் புறப்படுகிறார். ஆயினும் மழை, பழுது, நெரிசல், பாதைப் பராமரிப்பு எனப் பல காரணங்களால் அவ்வாக்கு ஒவ்வொரு நாளும் எங்கேனும் ஓரிடத்தில் தவறத்தான் செய்கிறது. எல்லா வண்டிகளும் நேரத்தில் ஓடும் நாளில் எந்தத் திட்டமும் வெல்லும். வண்டி பிந்தும் நாளில் எந்தத் திட்டம் கைகொடுக்கிறது என்பதைக் கொண்டே அதன் தரத்தை மதிப்பிட வேண்டும்.

ஆற்றுப்படை காட்டும் நெறி

வழிகாட்டுவதைத் தனி இலக்கிய வகையாகவே வளர்த்த மொழி தமிழ். பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவர், வறுமையில் வாடும் மற்றொருவரை வள்ளலிடம் ஆற்றுப்படுத்துவது ஆற்றுப்படை. அவற்றுள் கூத்தராற்றுப்படை எனப்படும் மலைபடுகடாம் தனிச்சிறப்புடையது. நன்னனின் ஊருக்குச் செல்லும் வழியை மட்டும் அந்நூல் கூறவில்லை. வழியில் நேரக்கூடிய இடர்களையும் விரித்துரைக்கிறது. பன்றிகளைப் பிடிக்க வைத்த பொறிகள், பாம்புகள் மறைந்திருக்கும் குழிகள், வழுக்கும் பாறைகள், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கற்கள் என ஒவ்வொன்றையும் சுட்டி, அவ்விடத்தில் எவ்வாறு நடந்துகொள்வது என்பதையும் அது அறிவுறுத்துகிறது.

‘இவ்வழியே சென்றால் ஊர் வரும்’ என்று சொல்வது ஒரு வகை வழிகாட்டல். ‘இவ்வழியில் இன்ன தடை நேரலாம், நேர்ந்தால் இவ்வாறு செய்க’ என்று சொல்வது அதனினும் மேலானது. இன்றைய பயணிக்கு மலைப்பாதையின் பொறிகள் இல்லை. தவறவிடும் இணைப்பு வண்டிகளே அவருக்குரிய பொறிகள். அவற்றை முன்கூட்டியே அறிந்து கூறும் ஆற்றுப்படையாகப் பயணத் திட்டம் அமைய வேண்டும்.

குறுகிய வழியும் உறுதியான வழியும்

நெதர்லாந்து நாட்டுக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, ராட்டர்டாம் நகரிலிருந்து குரோனிங்கன் நகருக்கு மிகக் குறுகிய வழி எது என்னும் கேள்வியை 1956ஆம் ஆண்டு எடுத்துக்கொண்டார். அதற்கு அவர் கண்ட தீர்வு 1959ஆம் ஆண்டு வெளியாயிற்று. ஊர்களைப் புள்ளிகளாகவும் சாலைகளைக் கோடுகளாகவும் கொண்டு, ஒவ்வொரு கோட்டிற்கும் ஒரு நீளம் அளித்து, மிகக் குறைந்த கூட்டுத்தொகை உடைய பாதையைக் கண்டறியும் முறை அது. வழித்தேடலுக்கான கணினி நிரல்கள் பலவற்றுக்கு அம்முறையே அடித்தளம்.

சாலைக்குப் பொருந்தும் அக்கணக்கு, கால அட்டவணைப்படி இயங்கும் வண்டிகளுக்கு அப்படியே பொருந்துவதில்லை. சொந்த வண்டியில் செல்பவர் பத்து நிமிடம் பிந்தினால், ஊரையும் ஏறத்தாழப் பத்து நிமிடம் பிந்தியே அடைவார். தொடர்வண்டியிலிருந்து இறங்கிப் பேருந்து ஏற வேண்டியவர் பத்து நிமிடம் பிந்தினால், அப்பேருந்தையே தவறவிடலாம். அடுத்த பேருந்து மூன்று மணி நேரம் கழித்துத்தான் எனில், பத்து நிமிடத் தாமதம் மூன்று மணி நேர இழப்பாக வளர்கிறது. அதுவே அன்றைய கடைசிப் பேருந்து எனில், இழப்பு ஓர் இரவு முழுதும் நீள்கிறது. ஆகவே, தாமதத்தின் அளவைக் காட்டிலும் அத்தாமதம் எதைத் தவறவிடச் செய்கிறது என்பதே கருதத்தக்கது.

எண்கள் உணர்த்தும் உண்மை

ஓர் எடுத்துக்காட்டைக் கருதலாம். ஒரு மாணவி வேறொரு நகரில் நடைபெறும் நுழைவுத்தேர்வுக்குச் செல்ல வேண்டும். அவர்முன் இரண்டு வழிகள் உள்ளன. முதல் வழியில் பயணம் 6 மணி நேரம். இடையில் வண்டி மாறுவதற்கு 10 நிமிடமே உண்டு. நான்கு நாள்களில் ஒரு நாள் அந்த இணைப்பு தவறுகிறது. தவறினால் அடுத்த வண்டிக்கு 3 மணி நேரம் காத்திருக்க வேண்டும். இரண்டாம் வழியில் பயணம் 6 மணி 20 நிமிடம். வண்டி மாற 30 நிமிடம் உண்டு. இருபது நாள்களில் ஒரு நாளே இணைப்பு தவறுகிறது. தவறினாலும் 20 நிமிடத்தில் அடுத்த வண்டி வந்துவிடுகிறது.

அட்டவணையை மட்டும் நோக்கினால் முதல் வழியே விரைவானது. தவறும் வாய்ப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால், முதல் வழியின் சராசரிப் பயண நேரம் 6 மணி 45 நிமிடமாகவும், இரண்டாம் வழியின் சராசரி 6 மணி 21 நிமிடமாகவும் அமைகின்றன. இணைப்பு தவறும் நாளிலோ முதல் வழி 9 மணி நேரத்தையும் இரண்டாம் வழி 6 மணி 40 நிமிடத்தையும் எடுத்துக்கொள்கின்றன. தேர்வுக்கூடத்தின் கதவு சராசரியைப் பார்த்து மூடப்படுவதில்லை. எனவே, அம்மாணவிக்கு இரண்டாம் வழியே சிறந்தது என்பதில் ஐயமில்லை.

இணைப்புகளின் எண்ணிக்கை கூடக்கூட உறுதி குறைகிறது. ஓர் இணைப்பு பத்தில் ஒன்பது முறை வெற்றி பெறுவது நல்ல நிலையே. அத்தகைய இணைப்புகள் மூன்று அடுத்தடுத்து அமைந்தால், அவை மூன்றும் வெற்றி பெறும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 73 ஆகக் குறைந்துவிடுகிறது. மழைநாளில் நிலைமை இன்னும் கடினம். ஒரே மழை எல்லா வழிகளையும் ஒருசேரப் பாதிக்கிறது. ஒற்றை இருப்புப்பாதையில் எதிர்வண்டிக்கு வழிவிட நிற்கும் வண்டி, தன் தாமதத்தைப் பின்வரும் வண்டிக்கும் கடத்துகிறது. தாமதம் ஒரு தொற்று எனலாம்.

சராசரி என்னும் சொல்லையும் எச்சரிக்கையோடு கையாள வேண்டும். நாள்தோறும் 10 நிமிடம் பிந்தும் வண்டிக்குச் சராசரித் தாமதம் 10 நிமிடம். ஒன்பது நாள் நேரத்தில் வந்து, பத்தாம் நாள் 100 நிமிடம் பிந்தும் வண்டிக்கும் அதே சராசரிதான். வண்டி மாற 15 நிமிடம் உள்ள பயணிக்கு முதல் வண்டி ஒருநாளும் ஏமாற்றம் தராது. இரண்டாம் வண்டி பத்தாம் நாளில் அவரை நடுவழியில் நிறுத்திவிடும். சராசரியை மட்டும் அறிந்தவர் இவ்வேறுபாட்டைக் காண்பதில்லை. அவ்வழியில் நாள்தோறும் செல்பவர் அதனை நன்கு அறிவார். அவரிடம் கேட்டறிவதும் திட்டமிடலின் ஒரு பகுதியே.

சந்திப்பைத் தேர்ந்தெடுத்தல்

எங்கே வண்டி மாறுவது என்பது பயணியின் கையில் உள்ள முதன்மையான முடிவு. பல வழிகள் கூடும் சந்திப்பில் ஒரு வண்டி தவறினால் வேறொன்று கிடைக்கும். விழுப்புரம் சந்திப்பில் சென்னை, திருச்சிராப்பள்ளி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி ஆகிய திசைகளிலிருந்து இருப்புப்பாதைகள் வந்து கூடுகின்றன, பேருந்துகளும் மிகுதி. நாளுக்கு ஓரிரு வண்டிகளே நிற்கும் சிறு நிலையத்தில் அத்தகைய மாற்று இல்லை. அட்டவணைப்படி சிறு நிலையத்தில் மாறுவது பதினைந்து நிமிடம் மிச்சமாகத் தோன்றலாம். மாற்று வழியற்ற இடத்தில் அந்தப் பதினைந்து நிமிடத்துக்காக ஒரு நாளையே பணயம் வைக்க நேரிடும்.

சந்திப்பு என்னும் சொல் சில வேளைகளில் மயக்கம் தரும். தென்மாவட்டங்களிலிருந்து வரும் தொடர்வண்டிகள் பல சென்னை எழும்பூரில் நிற்கின்றன. வடமாநிலங்களுக்குச் செல்லும் வண்டிகள் பல சென்னை சென்ட்ரலிலிருந்து புறப்படுகின்றன. இரண்டும் சென்னைதான்; ஆயினும் பயணப்பெட்டிகளோடு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல நகரின் நெரிசலைக் கடக்க வேண்டும். மதுரை மாட்டுத்தாவணியில் பேருந்திலிருந்து இறங்குபவர், கோயம்புத்தூர்ப் பேருந்தைப் பிடிக்க ஆரப்பாளையம் செல்ல வேண்டும். அட்டவணைகள் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு இவ்விடைத்தொலைவு தெரிவதில்லை. வண்டி மாறும் நேரத்தில் நடைக்கும் நெரிசலுக்கும் உரிய பங்கைச் சேர்த்த பின்னரே தாமதத்துக்கான நேரத்தைக் கணக்கிட வேண்டும்.

இவற்றோடு மூன்று நெறிகளைப் பயணி மனத்தில் கொள்ளலாம். முதலாவது, நாளின் கடைசி வண்டியை நம்பித் திட்டமிடலாகாது; அதற்கு முந்தைய வண்டியைக் குறிவைத்தால் கடைசி வண்டி காப்பாக நிற்கும். இரண்டாவது, அரிதாக ஓடும் வண்டியை முதலிலும் அடிக்கடி ஓடும் வண்டியை இறுதியிலும் அமைத்துக்கொள்ள இயலுமாயின் அதுவே நன்று. முதல் வண்டி பிந்தினாலும் அடுத்தது விரைவில் கிடைக்கும். மூன்றாவது, இணைப்பு தவறினால் செய்ய வேண்டியதைப் புறப்படும் முன்னரே முடிவு செய்துகொள்ள வேண்டும். நள்ளிரவில் அறிமுகமற்ற நிலையத்தில் எடுக்கும் முடிவைவிட, வீட்டில் அமைதியாக எடுத்த முடிவு தெளிவாக இருக்கும்.

கையிருப்பு நேரம் வீணா?

தாமதத்தைத் தாங்குவதற்கென ஒதுக்கும் நேரத்தைக் கையிருப்பு நேரம் எனலாம். நிலையத்தில் அரை மணி நேரம் காத்திருப்பது வீண் என்று கருதுவோர் உண்டு. வீட்டுச் செலவுக்கு அப்பால் சிறு தொகையைக் கையிருப்பாக வைத்திருப்பவரை எவரும் வீணர் என்பதில்லை. அத்தொகை செலவாகாத மாதத்திலும் குடும்பத்துக்கு அது அச்சமின்மையைத் தருகிறது. கையிருப்பு நேரமும் அத்தகையதே.

கையிருப்பு இல்லாத அட்டவணை என்ன செய்யும் என்பதை 2005ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் ஜப்பானில் நிகழ்ந்த விபத்து காட்டுகிறது. ஆமகசாகி நகரில், முந்தைய நிலையத்தில் நிற்குமிடத்தைத் தாண்டி நின்றதால் ஒன்றரை நிமிட அளவில் பிந்திய தொடர்வண்டி ஒன்று, 70 கிலோமீட்டர் வேகமே அனுமதிக்கப்பட்ட வளைவில் 116 கிலோமீட்டர் வேகத்தில் சென்று தடம்புரண்டது. ஓட்டுநர் உட்பட 107 பேர் உயிரிழந்தனர். தாமதத்தை ஈடுசெய்ய அட்டவணையில் இடமின்றி நேரம் குறுக்கப்பட்டிருந்ததும், பிந்தும் ஓட்டுநர்கள்மீது எடுக்கப்பட்ட கடுமையான நடவடிக்கைகளும் பின்னர்ப் பெரிதும் விவாதிக்கப்பட்டன. காலந்தவறாமைக்குப் புகழ்பெற்ற நாட்டிலேயே இது நிகழ்ந்தது. நிமிடத்தை மிச்சப்படுத்தும் ஆர்வம் எல்லை மீறினால், அதன் விலையை உயிரால் செலுத்த நேரிடும்.

இதற்கு மாறான பாதையைச் சுவிட்சர்லாந்து தேர்ந்தெடுத்தது. அந்நாட்டில் 1982ஆம் ஆண்டு, ஒவ்வொரு மணி நேரமும் ஒரே நிமிடத்தில் வண்டிகள் புறப்படும் அட்டவணை முறை நடைமுறைக்கு வந்தது. 1987ஆம் ஆண்டு நடந்த பொதுவாக்கெடுப்பில் தொடர்வண்டி வலையமைப்பை விரிவாக்கும் திட்டத்திற்கு மக்கள் ஒப்புதல் அளித்தனர். இயன்ற அளவு விரைவாக ஓடுவது அத்திட்டத்தின் நோக்கமன்று. தேவையான அளவு விரைவாக ஓடுவதே நோக்கம். சூரிச், பெர்ன், பாசல் போன்ற பெரிய சந்திப்புகளில் பல திசை வண்டிகளும் மணி நிறைவதற்குச் சற்றுமுன் வந்து சேர வேண்டும். பயணிகள் மாறிய பின், மணி நிறைந்த சற்றுநேரத்தில் அவை புறப்பட வேண்டும். அதற்குச் சூரிச்–பெர்ன் பயணம் ஒரு மணி நேரத்திற்குள் முடிவது தேவைப்பட்டது. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகம் தாங்கும் புதிய பாதை அமைக்கப்பட்டு, 2004ஆம் ஆண்டு இறுதியில் அப்பயணம் 56 நிமிடமாயிற்று. அதனினும் மிகுந்த வேகத்துக்குச் செலவு செய்ய அந்நாடு முனையவில்லை. சந்திப்பில் வண்டி மாறுவோருக்கு அவ்வேகத்தால் பயன் இல்லை என்பதே காரணம்.

தாமதத்தை அளக்கும் முறையிலும் நாடுகள் வேறுபடுகின்றன. மூன்று நிமிடத்திற்குள் வந்தால்தான் நேரத்தில் வந்ததாகச் சுவிட்சர்லாந்து கணக்கிடுகிறது. அண்டை நாடான ஜெர்மனி ஆறு நிமிடத்திற்குக் குறைவான தாமதத்தையும் நேரத்தில் வந்ததாகவே கொள்கிறது. அவ்வாறு கணக்கிட்டும் அந்நாட்டின் தொலைதூர வண்டிகளுள் 62.5 விழுக்காடே 2024ஆம் ஆண்டு நேரத்தில் வந்தன. ஒரு நாட்டின் தொழில்நுட்ப வளம் மட்டும் காலந்தவறாமையைத் தந்துவிடுவதில்லை. நெரிசலான பாதையில் இடைவெளியின்றி வண்டிகளைத் திணிக்கும்போது, ஒன்றின் தாமதம் மற்றொன்றைத் தீண்டுகிறது.

கையிருப்பு நேரத்தை அளவின்றிச் சேர்ப்பதும் தீர்வாகாது என்னும் மறுப்பு நியாயமானதே. ஒவ்வொரு நிலையத்திலும் வண்டி வீணே நின்றால் மக்கள் சலிப்படைவர், பாதையும் அடைபடும். அதனால் எவ்வளவு சேர்ப்பது என்பதோடு எங்கே சேர்ப்பது என்பதையும் ஆராய வேண்டும். இந்தியத் தொடர்வண்டிகள் பலவற்றின் அட்டவணையில், இறுதி நிலையத்தை ஒட்டிய பகுதிக்குக் கூடுதல் நிமிடங்கள் அளிப்பது வழக்கம். இதனால் வழியெல்லாம் பிந்திய வண்டியும் இறுதி நிலையத்தை நேரத்தில் அடைகிறது. பதிவேட்டில் தாமதம் இல்லாமற் போகிறது. இடைப்பட்ட சந்திப்பில் இறங்கி வண்டி மாறுபவருக்கோ அந்நிமிடங்களால் எப்பயனும் இல்லை. கையிருப்பு நேரம் பதிவேட்டைக் காப்பதைவிடப் பயணியைக் காப்பதே முறை. அதற்கு, மக்கள் வண்டி மாறும் சந்திப்புகளுக்குமுன் அந்நேரம் பகிர்ந்தளிக்கப்பட வேண்டும்.

சுமை யாருக்கு?

தாமதத்தைத் தாங்கும் சுமை இன்று பெரிதும் பயணியின் தோளிலேயே உள்ளது. அச்சுமையும் அனைவருக்கும் ஒன்றாக இல்லை. வசதி படைத்தவர் இணைப்பு தவறினால் வாடகை மகிழுந்தில் செல்வார். முந்தைய நாளே சென்று விடுதியில் தங்குவார். நாளுக்கு இரண்டு பேருந்துகளே வந்துபோகும் சிற்றூரின் மாணவர், தேர்வுக்கு முந்தைய இரவைப் பேருந்து நிலைய இருக்கையில் கழிக்கிறார். இருவரும் ஒரே தேர்வைத்தான் எழுதுகின்றனர். ஒருவர் பணத்தால் பெற்ற கையிருப்பு நேரத்தை, மற்றவர் தம் உறக்கத்தால் பெறுகிறார். காலந்தவறாப் பொதுப்போக்குவரத்து கல்வியின் சமவாய்ப்போடு தொடர்புடையது என்பதற்கு இதுவே சான்று.

இணைப்பு தவறிய பயணிக்குச் சில பாதுகாப்புகள் இல்லாமல் இல்லை. இந்திய இரயில்வே 2019ஆம் ஆண்டு ஏப்ரல் முதல், தொடர்ந்து செல்லும் இரு வண்டிகளின் முன்பதிவு எண்களை இணைத்துக்கொள்ள வழிசெய்துள்ளது. முதல் வண்டி பிந்தியதால் இரண்டாம் வண்டி தவறினால், பயணம் செய்யாத பகுதிக்கான கட்டணத்தைப் பிடித்தமின்றித் திரும்பப் பெறலாம். வண்டி மூன்று மணி நேரத்திற்கு மேல் பிந்தும்போது பயணத்தையே கைவிடுபவரும் முழுக் கட்டணத்தைப் பெற இயலும். ஜெர்மனியில், சேருமிடத்தை அடைய 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்னும் நிலையில், குறிப்பிட்ட வண்டிக்கு மட்டும் பயணச்சீட்டு பெற்றவரும் வேறு வண்டியில் செல்லலாம். முன்னது பணத்தைத் திருப்பித் தருகிறது. பின்னது பயணத்தையே மீட்டுத் தருகிறது. தேர்வையோ மருத்துவச் சந்திப்பையோ இழந்தவருக்கு எது வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தவறிய பயணிக்கு அடுத்த வண்டியில் இடம் என்பதே போக்குவரத்து அமைப்புகள் எட்ட வேண்டிய இலக்கு.

இதனை எட்டப் பெருஞ்செலவு தேவை என்பதில்லை. தொடர்வண்டி பிந்துவதை நிலையத்தருகே உள்ள பேருந்துப் பணியாளருக்கு உடனே தெரிவித்தால், ஊருக்குச் செல்லும் கடைசிப் பேருந்தைச் சில நிமிடம் நிறுத்திவைக்கலாம். தொடர்வண்டியும் பேருந்தும் தனித்தனியே அட்டவணை தயாரிக்காமல் ஒன்றையொன்று நோக்கித் தயாரித்தால், சந்திப்புகள் உண்மையான சந்திப்புகளாகும். வழிகாட்டும் செயலிகளும் பயண நேரத்தோடு, இணைப்பு தவறினால் அடுத்த வண்டி எப்போது என்பதையும் காட்டலாம். அந்த ஒரு வரி, பலருடைய தேர்வை மாற்றும்.

அதுவரை பயணியே தமக்குரிய வழியை ஆராய்ந்து வகுத்துக்கொள்ள வேண்டும். மிக விரைவான வழியைப் பார்த்த பின், அதில் எந்த இணைப்பு இற்றுப்போகக்கூடியது என்று தேட வேண்டும். அது இற்றால் அடுத்த வழி எது என்று கேட்க வேண்டும். அதற்கு விடை இருக்குமாயின் அத்திட்டத்தை நம்பிப் புறப்படலாம். விடை இல்லையேல், அரை மணி நேரம் முன்னதாகப் புறப்படும் வண்டியே அவருக்குரிய வண்டி.

தெரியுமா?

2017ஆம் ஆண்டு நவம்பரில், ஜப்பானின் சுகுபா விரைவுத் தொடர்வண்டி ஒன்று குறித்த நேரத்திற்கு 20 நொடி முன்னதாகப் புறப்பட்டதற்காக, அதனை இயக்கும் நிறுவனம் பொதுமக்களிடம் வருத்தம் தெரிவித்தது. பிந்திவரும் வண்டிக்காகப் பயணி காத்திருக்க இயலும்; முந்திச் சென்ற வண்டியை அவரால் பிடிக்க இயலாது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலிருந்து மாவட்டத் தலைநகருக்குக் காலை 9 மணிக்குள் சென்றுசேர இரண்டு பயணத் திட்டங்களை வகுக்க. ஒவ்வொன்றிலும் ஓர் இணைப்பு தவறினால் எப்போது சென்றுசேர்வீர்கள் எனக் கணக்கிட்டு ஒப்பிடுக.

2. ‘கையிருப்பு நேரம் வீணா, காப்பா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. உங்கள் ஊர்ப் பேருந்து நேரத்தை அருகிலுள்ள தொடர்வண்டி நேரத்தோடு பொருந்துமாறு மாற்றியமைக்கக் கோரிப் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கு விண்ணப்பம் எழுதுக.